எட்டுக் கம்பியும் எட்டு வருசமும்

சபியா உம்மா: அடிக்காதீங்க தம்பி! சுத்தியலக் கீழ வைங்க!

காலிதீன்: ஒரே ஒரு அடிதான் ராத்தா. சத்தத்தக் கேட்டுட்டு வச்சிருவன்.

சபியா உம்மா: சத்தம் கேட்டுப் பாக்க இது என்ன தேங்காயா? முதல்ல ஏணியால இறங்குங்க.

காலிதீன்: தேங்காய் எண்டா நல்லம். உள்ளுக்க தண்ணி இருக்கா வத்திட்டாண்டு வெளியால இருந்தே சொல்லலாம். இது அப்பிடியில்ல...

சபியா உம்மா: இது என்ட மகள்ட சீதன வீடு. எட்டு வருசத்துக்கு முன்ன இதைக் கட்டுறப்ப இதே இடத்துல ஏணியில நிண்டு என்ன சொன்னீங்க? 'ராத்தா, சாய்ந்தமருதுல கொங்கிறீட் போட்ட முதல் விறாந்தை உங்கட. உங்கட பேரன்ட பேரனும் இதுக்குக் கீழ குந்தி வெத்திலை போடுவான்.' சொன்னீங்களா இல்லையா?

காலிதீன்: சொன்னன்.

சபியா உம்மா: பேரன் பிறக்கவே இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ள கழண்டு விழுது.

காலிதீன்: ஒரு துண்டுதானே ராத்தா விழுந்த?

சபியா உம்மா: ஒரு துண்டு! மருமகன்ட கதிரையில விழுந்த துண்டு! அந்த மனிசன் வெத்திலை துப்ப எழும்பினார், முதுகுக்குப் பின்னால தொம் எண்டு... கதிரைக் கால் ரெண்டும் முறிஞ்சிட்டு. அவர் வெத்திலை போடாத ஆளா இருந்தா இண்டைக்கு இந்த வீட்டுல யாசீன் ஓதியிருப்பம்.

ஸாலிஹா: வெத்திலைய விடுங்க விடுங்க எண்டு கலியாணம் முடிச்ச நாளையில இருந்து சொன்னன். இனிச் சொல்ல மாட்டன்.

சபியா உம்மா: நீ ஏன் புள்ள வயித்தோட எழும்பி வந்த? உள்ளுக்க போய்ப் படு!

காலிதீன்: உள்ளுக்க வேணாம் மகள். அந்த முன்னறைக்கு மேலயும் இதே கொங்கிறீட்தான். குசினிக்குப் போங்க.

ஸாலிஹா: குசினியில புகை, மேசன் மாமா.

காலிதீன்: புகை தலையில விழுந்து ஆரும் மவுத்தானதில்ல. போங்க.

சபியா உம்மா: வாயக் கழுவுங்க! எட்டு வருசம் கழிச்சு அல்லாஹ் கண்ணைத் திறந்து ஒரு புள்ளையத் தந்திரிக்கான். வெள்ளிக்கிழமை நல்ல நாள்ல மவுத்துக் கதை!

காலிதீன்: பள்ளியில ஜும்ஆத் தொழுகைக்கு நகரா அடிச்சிட்டாங்களா ராத்தா?

சபியா உம்மா: பத்து மணிதான் ஆகுது. வெயிலப் பாத்தாத் தெரியல்லையா? வந்ததுல இருந்து நாலு தரம் கேட்டுட்டீங்க.

காலிதீன்: ஹமீட் மருமகன் எங்க?

சபியா உம்மா: குளிச்சு, புதுச் சாரன் உடுத்து, அத்தரும் பூசிட்டு வெள்ளணப் பள்ளிக்குப் போய்ட்டார். ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதாக்கும்?

ஸாலிஹா: முன் வரிசையில குந்தணுமாம். மாமா சத்தியம் பண்றதக் கிட்ட இருந்து பாக்கணுமாம்.

சபியா உம்மா: உன்னைக் குசினிக்குப் போகச் சொன்ன!

ஸாலிஹா: குசினி வாசல்லதான் நிக்கிறன். இது கிடுகுக் கூரை. விழுந்தா ஈர்க்கில்தான் விழும்.

காலிதீன்: விடுங்க ராத்தா, ஊரே கதைக்கிற கதை. ஜும்ஆ முடிய, பள்ளியை நடத்துற மரைக்கார்மார் என்னை நடுவுல நிப்பாட்டுவாங்க. குர்ஆனைத் தொடச் சொல்லி, 'காலிதீன், அந்த வீட்டுக் கம்பியக் களவெடுத்தியா?' எண்டு கேப்பாங்க. உங்கட மருமகன் எழுதிக் குடுத்த முறைப்பாடு.

சபியா உம்மா: எடுக்காட்டி எடுக்கல்லண்டு சொல்றது. இதுல என்ன பயம்?

காலிதீன்: பயமா? எனக்கா?

சபியா உம்மா: பிறகேன் ஒரு கையால ஏணியக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கிறீங்க?

காலிதீன்: ஏணி ஆடுது.

சபியா உம்மா: ஏணிய நான் பிடிச்சிட்டு நிக்கிறன். ஆடல்ல.

காலிதீன்: ...ராத்தா, ஒரு முழம் உடைச்சுப் பாக்க விடுங்க. கம்பி இருந்தா என்ட பேர் தப்பும். பள்ளி மினாரா வேலைய எனக்குத் தாறதாச் சொல்லிரிக்காங்க. கள்ளன் எண்டு பேர் வந்தா மினாரா இல்ல, ஒரு கோழிக்கூடு கட்டவும் ஆரும் கூப்பிட மாட்டாங்க. மேசன்ட சொத்து பேர் ஒண்டுதானே?

சபியா உம்மா: உடைக்க வேணாம். கொஞ்சம் சாந்து குழைச்சு அந்தக் குழிய மூடிட்டுப் போங்க. மருமகனோட நான் கதைச்சு முறைப்பாட்டை எடுக்க வைக்கிறன்.

காலிதீன்: இதென்ன புதுக் கதை! கம்பிய நான் எடுத்திருந்தா உடைச்ச உடனே பிடிபட்டுருவன். நீங்களெல்லோ 'உடை, உடை' எண்டு நிக்கணும்?

சபியா உம்மா: நான் ஏன் நிக்கணும்? வீட்டு முகத்துல ஓட்டை போட்டா மருமகன்ட உம்மா வந்து பாத்து என்ன சொல்லுவா? 'சீதனமாத் தந்த வீடு இதுதானா' எண்டு கேக்க அவக்கு ஒரு வழி வேணும்.

காலிதீன்: வழி ஏற்கனவே திறந்து கிடக்கு. நிமிந்து பாத்தா வானம் தெரியுற அளவுக்கு வெடிப்பு. கறை எவ்வளவு தூரம் இறங்கிரிக்கு பாருங்க, வெத்திலை துப்பின மாதிரி.

சபியா உம்மா: மழைத் தண்ணிக் கறை அது. அம்பத்தேழாம் வருச வெள்ளத்துல வந்தது.

காலிதீன்: வெள்ளம் கீழால வந்த ராத்தா. மேலால வரல்ல.

ஸாலிஹா: உம்மா, உடைக்க விடுங்களன். மாமா பாவம்.

சபியா உம்மா: உனக்கென்ன தெரியும்...

காலிதீன்: விலகுங்க ராத்தா. ஏணிய விட்டுட்டுச் சுவரோட நில்லுங்க. பிஸ்மில்லாஹ்...

சபியா உம்மா: தம்பி! சொல்லச் சொல்ல... அல்லாஹ்வே! யா அல்லாஹ்! எவ்வளவு பெரிய துண்டு!

ஸாலிஹா: உம்மா! உம்மா, பட்டுட்டா?

சபியா உம்மா: ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல. நீ வராத! காலடியிலதான் விழுந்த.

காலிதீன்: இன்னும் அடிக்கவே இல்ல ராத்தா. சுத்தியலால தொட்டன்... அவ்வளவுதான். தொட்டதுக்கு விழுது.

சபியா உம்மா: தொட்டதுக்கா?

காலிதீன்: சரி, வாங்க. மேல பாருங்க. எண்ணுங்க.

சபியா உம்மா: தூசி கண்ணுக்குள்ள... ஒண்டு, ரெண்டு, மூணு... அங்கால இன்னும் ரெண்டு... ஏழு... எட்டு.

காலிதீன்: எட்டு. கல்முனைக் கடையில இருந்து வண்டியில வந்தப்ப எத்தனை எண்ணி இறக்கினீங்க?

சபியா உம்மா: விறாந்தைக்கு எட்டு. நான்தான் எண்ணின. ஒவ்வொண்டும் அரை அங்குலம் எண்டு சொன்னீங்க.

காலிதீன்: எட்டும் கிடக்கா?

சபியா உம்மா: கிடக்கு. அல்ஹம்துலில்லாஹ்! அப்ப நீங்க கள்ளனில்ல.

காலிதீன்: இல்ல.

சபியா உம்மா: நான் எப்பவாவது கள்ளன் எண்டு சொன்னனா? மருமகனுக்கு அப்பவே சொன்னன், 'காலிதீன் தம்பி வாங்கின பீடிக்குக் கூட மிச்சக் காசு தந்துட்டுப் போற ஆள்' எண்டு. சரி. இனி இறங்குங்க. மூடுவம்.

காலிதீன்: என்னத்த மூடுற? இதைப் பாருங்க. இது கம்பியா? நகத்தால உரிக்கிறன் பாருங்க. கறுவாப்பட்டை மாதிரி உரியுது.

சபியா உம்மா: கறள். இரும்பெண்டா கறள் பிடிக்கும்தானே? என்ட கருவாட்டு வாடியில நங்கூரம் ஒண்டு கிடக்கு, அதுலயும்தான் கறள்.

காலிதீன்: நங்கூரம் வெளிய கிடக்கு, கறள் உதிந்து மண்ணுல விழும். இது கொங்கிறீட்டுக்குள்ள கிடக்கு, உதிர இடமில்ல. கறள் பிடிச்சா இரும்பு ஊதும் ராத்தா, முன்ன இருந்த மொத்தத்தை விட மூணு மடங்கு. உள்ளுக்க இருந்து நெருக்கி நெருக்கி, கடைசியில கொங்கிறீட்டையே வெடிக்க வச்சுத் தள்ளும். கம்பிட உசிர் வத்தி வத்தி இந்தா... ஈர்க்கில் அளவுதான் மிச்சம்.

சபியா உம்மா: இதெல்லாம் எப்ப படிச்சீங்க?

காலிதீன்: போன மாசம். பாலத்து வேலைக்குப் போனனே, அங்க ஓவசியர் கனகசபாபதி ஐயா சொன்னார். ஒரு பழைய தூணை உடைச்சுக் காட்டினார். நல்லாத்தான் நிண்ட தூண், வெளியால ஒரு குறையும் இல்ல. உள்ளுக்க இதே மாதிரி. 'ஏன் ஐயா இப்பிடி?' எண்டு கேட்டன். அண்டையில இருந்து எனக்குச் சோறும் இறங்கல்ல, நித்திரையும் இல்ல.

சபியா உம்மா: என்ன சொன்னார்?

காலிதீன்: உப்பு.

சபியா உம்மா: உப்பா? உப்பு என்ன செய்யும்?

காலிதீன்: உப்புப் பட்டா உள்ளுக்க இருக்கிற கம்பிய அது விடாதாம். அஞ்சு வருசமோ பத்து வருசமோ, இருந்து இருந்து தின்னுமாம்.

சபியா உம்மா: கடக்கரை வீடு. காத்துலயே உப்புத்தான். அதுக்கு ஆர் என்ன செய்ற?

காலிதீன்: காத்து இவ்வளவு செய்யாது. பொறுங்க... இந்தத் துண்ட நக்கிப் பாக்கிறன்.

ஸாலிஹா: மாமா! அதையா வாயில வைக்கிறீங்க?

காலிதீன்: மேல்பக்கம்... த்தூ! கரிக்குது. ராத்தா, கொங்கிறீட் போட்ட பிறகு பதினாலு நாள் சாக்கு விரிச்சு நனைக்கச் சொன்னன். என்ன தண்ணி ஊத்தினீங்க?

சபியா உம்மா: தண்ணிதான் ஊத்தின. என்ன தண்ணி எண்டா? தண்ணிக்குப் பேரா வைக்கிற?

காலிதீன்: கிணத்துத் தண்ணியா?

சபியா உம்மா: எட்டு வருசத்துக்கு முன்ன ஊத்தின தண்ணிய இப்ப கேட்டா? நேத்துக் குடிச்ச தண்ணியே எனக்கு ஞாபகமில்ல.

ஸாலிஹா: எனக்கு ஞாபகம் இரிக்கி.

சபியா உம்மா: நீ சும்மா இரி!

ஸாலிஹா: கலியாணப் பொண்ணெண்டு என்னை வெளிய விடல்ல. யன்னலால பாத்துட்டே இருந்தன். விடிய ரெண்டு வாளி, பின்னேரம் அசருக்குப் பிறகு ரெண்டு வாளி. கடலால அள்ளிட்டு வந்து...

சபியா உம்மா: புள்ள!

ஸாலிஹா: சொல்லட்டும் விடுங்க உம்மா. மாமாவ அங்க ஊருக்கு முன்னால நிப்பாட்டப் போறாங்க.

காலிதீன்: கடல் தண்ணி.

சபியா உம்மா: பிறகு என்ன செய்ய? அம்பத்தோராம் வருச நோம்பு மாசம். ஞாபகமில்லையா? எங்கட கிணறு சேறு. அடுத்த வளவுக் கிணறு அதை விட மோசம். பள்ளிக் கிணத்துல மட்டும்தான் நல்ல தண்ணி, அதையும் மரைக்கார்மார் பூட்டிட்டாங்க. தொழ முன்ன கைகால் கழுவி ஒழு எடுக்கவும் நோம்பு திறக்கவும் மட்டும், ஒரு குடம் வெளிய போகப்படாதெண்டு. நோம்போட நான் எங்க போய் அள்ளுற? நாப்பது அடி நடந்தா கடல்.

காலிதீன்: ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே.

சபியா உம்மா: கேக்க என்ன கிடக்கு? நான் கருவாட்டு வாடி நடத்துறவ. உப்பு எண்டா என்னெண்டு எனக்கு நீங்களா சொல்லித் தரணும்? உப்புப் போடாத சூரை மீன் மூணு நாளையில நாறும். உப்புப் போட்டா அடுத்த வருசமும் அப்பிடியே கிடக்கும். அழுகாது, புழு வைக்காது. அப்பிடி உப்பு, கொங்கிறீட்டை மட்டும் விட்டுருமா? அதையும் காக்கும் எண்டுதான்...

காலிதீன்: காக்கும் எண்டுதான்?

சபியா உம்மா: ...வாடியில இருந்து ஒரு மூட்டை உப்பும் கொண்டு வந்து சாக்குக்குக் கீழ பரவினன்.

காலிதீன்: ஒரு மூட்டையா!

சபியா உம்மா: நல்ல கல்லுப்பு.

காலிதீன்: ராத்தா... ராத்தா...

சபியா உம்மா: சிரிக்காதீங்க! சிரிக்கிறீங்களா அழுறீங்களா?

காலிதீன்: எனக்கே தெரியல்ல.

சபியா உம்மா: என்ட மகளுக்கு எல்லாரையும் விட உறுதியான வீடு குடுக்கணும் எண்டு நினைச்சன். அவட வாப்பா கடலோட போன பிறகு நான் ஒருத்தியா நிண்டு கட்டின வீடு இது. ஊரே வந்து அண்ணாந்து பாத்தது. இப்ப என்ட கையாலயே... உடைக்க வேணாம் எண்டு ஏன் சொன்னன் எண்டு விளங்குதா? போன வருசம் கறை இறங்கத் தொடங்கினப்பவே எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு பயம். என்ட உப்பாத்தான் இரிக்குமோ எண்டு. ஆருக்கும் சொல்லல்ல.

ஸாலிஹா: எனக்காவது சொல்லியிருக்கலாம் உம்மா. நான் என்ன, ஊரைக் கூட்டவா போறன்?

சபியா உம்மா: உன்ட மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா? 'ஓட்டை வீட்டைத் தந்து ஏமாத்திட்டாங்க' எண்டு அவர்ட உம்மா வீட்டுக்கு எழும்பிப் போய்ட்டா? எட்டு வருசம் புள்ள இல்லாம நீ பட்ட பேச்சுப் போதாதா? இப்ப வயித்தோட இருக்கிற நேரத்துல... தம்பி, உங்கட காலப் பிடிக்கிறன். மருமகனுக்குச் சொல்லிராதீங்க.

காலிதீன்: எழும்புங்க ராத்தா! என்ன வேலை இது? நான் சொல்ல மாட்டன்.

சபியா உம்மா: மெய்யா?

காலிதீன்: மெய்யாச் சொல்ல மாட்டன்.

சபியா உம்மா: ...ஏன்?

காலிதீன்: ஏன் எண்டா? நீங்கதானே சொல்ல வேணாம் எண்டு கேட்ட?

சபியா உம்மா: நான் கேட்டா நீங்க உடனே தலையாட்டுற ஆளில்லையே. ஒரு யன்னல் வைக்க என்னோட மூணு நாள் சண்டை பிடிச்ச ஆள் நீங்க. 'பிழை என்னிலயில்ல, சபியா உம்மாட உப்பு மூட்டையில' எண்டு சொன்னா ஒரு நொடியில தப்பிருவீங்க. மினாராவும் உங்களுக்குத்தான். நியாயமாப் பாத்தா இப்ப நீங்க ஏணியில இருந்து குதிச்சுக் குதிச்சு ஓடணும். பிறகேன் முகம் இப்பிடிக் கறுத்துக் கிடக்கு?

காலிதீன்: வெயில்.

சபியா உம்மா: விறாந்தையிலயா வெயில்?

காலிதீன்: நகரா...

சபியா உம்மா: அடிக்கல்ல! கதையை மாத்தாதீங்க!

காலிதீன்: ...இந்தாங்க. இந்தத் துண்ட நீங்க நக்கிப் பாருங்க.

சபியா உம்மா: எனக்கு வேணாம்.

காலிதீன்: பாருங்க ராத்தா. இது மேல்பக்கம். நீங்க உப்புக் கொட்டின பக்கம். கரிக்குதா?

சபியா உம்மா: ம்... கொஞ்சம்.

காலிதீன்: இது கம்பியோட ஒட்டிக் கிடந்த பக்கம். நாலு அங்குலத்துக்குக் கீழ. உங்கட வாளித் தண்ணி எட்டாத இடம்.

சபியா உம்மா: ...த்தூ! இது அதை விடக் கரிக்குது!

காலிதீன்: ஓம்.

சபியா உம்மா: இவ்வளவு உள்ளுக்க எப்பிடி உப்பு...? தம்பி. என்னைப் பாருங்க. கூரையப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. நீங்க என்ன தண்ணியில குழைச்சீங்க?

காலிதீன்: நீங்கதானே சொன்ன, அந்த நோம்புல நல்ல தண்ணி எங்க இருந்த எண்டு.

சபியா உம்மா: அட பாவி!

காலிதீன்: பெருநாளைக்கு அடுத்த நாள் மகள்ட காவின், கலியாணம். அதுக்கு முன்ன வீடு முடியணும் எண்டு நிண்டீங்க. சீமெந்து மூட்டை வந்து கிடந்து இறுகுது. ஆள் நிக்குது. தண்ணி இல்ல. கடக்கரையில நிண்டு யோசிச்சன். கடல் தண்ணியில ஒழு எடுக்கலாம். குளிக்கலாம். மவுத்தானவங்கட மையத்தைக் குளிப்பாட்டலாம். மனிசனைச் சுத்தமாக்கிற தண்ணி, சீமெந்துக்கு மட்டும் ஆகாமப் போகுமா? ஒழு எடுக்கிற கிணத்துத் தண்ணியில சாந்து குழைக்கிறதுதான் பாவம் எண்டு நினைச்சன் ராத்தா. அல்லாஹ் சாட்சி, நல்லது செய்றன் எண்டுதான் நினைச்சன்.

சபியா உம்மா: எட்டு வருசமா ஒரு வார்த்தை சொன்னியா நீ?

காலிதீன்: பிழை எண்டு தெரிஞ்சாத்தானே சொல்ல? அது கல்லு மாதிரி இறுகிச்சு. நல்ல தண்ணியில குழைச்சதை விடக் கெதியா இறுகிச்சு. நான் பெருமைப்பட்டன்.

சபியா உம்மா: இவ்வளவு நேரமும் என்னைக் குற்றவாளி மாதிரி நிப்பாட்டி வச்சு, 'என்ன தண்ணி ஊத்தினீங்க, என்ன தண்ணி ஊத்தினீங்க' எண்டு...

காலிதீன்: உங்கட தண்ணியில மட்டும் வந்திருந்தா நல்லம் எண்டு ஒரு ஆசை ராத்தா. மேல்பக்கம் மட்டும் கரிச்சிருந்தா... அந்த ஆசையிலதான் நக்கினன். உள்ளுக்கயும் கரிக்குது.

ஸாலிஹா: அப்ப உம்மா வெளியால, மாமா உள்ளால... ரெண்டு பேரும் சேந்து என்ட வீட்டை ஊறுகாய் போட்டிருக்கீங்க.

சபியா உம்மா: சிரிப்பு வருதா உனக்கு?

ஸாலிஹா: அழுதா புள்ளைக்கு ஆகாதெண்டு நீங்கதானே சொன்ன.

சபியா உம்மா: ...சரி. கேளுங்க தம்பி. நடந்தது நடந்திட்டு. இனி ஆகுறதைப் பாப்பம். அங்க உங்கட்ட என்ன கேப்பாங்க? கம்பியக் களவெடுத்தியா எண்டுதானே?

காலிதீன்: ஓம்.

சபியா உம்மா: எடுக்கல்ல. எட்டும் கிடக்கு, நானே எண்ணின. அதுக்குக் குர்ஆனைத் தொட்டாப் பொய்யில்ல. தண்ணியப் பத்தி ஆரும் கேக்கல்ல, கேக்காததுக்கு நாம ஏன் வாயத் திறக்கணும்? கடக்கரைக் காத்து எண்டு சொல்லிருங்க. உங்கட பேரும் தப்பும், மினாராவும் கிடைக்கும், என்ட மகள்ட வாழ்க்கையும் தப்பும்.

காலிதீன்: ஓம். எல்லாம் தப்பும்.

சபியா உம்மா: பிறகென்ன?

காலிதீன்: மகளை இந்தக் கொங்கிறீட்டுக்குக் கீழ இனி ஒரு நிமிசம் விடப்படாது. பாயையும் தலகாணியையும் இப்பவே எடுத்துக் குசினியில போடுங்க. முன்வாசலால ஆரையும் உள்ள விடாதீங்க.

சபியா உம்மா: அது செய்வம். மருமகனுக்கு என்ன சொல்ல?

ஸாலிஹா: அவருக்கு நானே சொல்றன் உம்மா. உப்பு மூட்டையையும் சேத்துத்தான்.

சபியா உம்மா: புள்ள, உனக்கு விசரா?

ஸாலிஹா: போறதெண்டா போகட்டும். தலையில விழுற வீட்டைக் காட்டி ஒரு மனிசனைப் பிடிச்சு வச்சிருக்க எனக்கு ஏலா.

காலிதீன்: மகள் கெட்டிக்காரி. ராத்தா, இந்தக் கம்பியில ஒரு சாண் வெட்டி எடுக்கிறன். கையால முறிச்சாலே முறியுது... இந்தா.

சபியா உம்மா: எடுங்க. மரைக்கார்மாருக்குக் காட்டத்தானே? நல்லம். கம்பி இருந்ததுக்கு அத்தாட்சி.

காலிதீன்: காட்டத்தான். வெறும் வாயால சொன்னா, சத்தியத்துக்குப் பயந்து கள்ளன் கதை கட்டுறான் எண்டுவாங்க. வாடியில தென்னங்குத்தி கிடக்கா ராத்தா? முட்டுக் குடுக்க.

சபியா உம்மா: கிடக்கு, பத்துப் பன்னெண்டு.

காலிதீன்: அவ்வளவும் வேணும். கந்தப்போடி அண்ணன்ட வண்டி முச்சந்தியில நெல் இறக்கிட்டுச் சும்மா நிண்ட. அவரை வாடிக்கு அனுப்புறன்.

சபியா உம்மா: ஒரு விறாந்தைக்குப் பன்னெண்டு குத்தியா? நாலு போதாதா?

காலிதீன்: இஞ்ச ஒண்டும் வேணாம். நீங்க மூணு பேரும் இதுக்குக் கீழ வராட்டிப் போதும்.

சபியா உம்மா: பிறகு குத்தி எதுக்கு? ஏணியையும் தோள்ல வைக்கிறீங்க... எங்க ஓடுறீங்க தம்பி? ஜும்ஆக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு. பேர் தப்பிட்டு எண்டு இப்பதானே சொன்ன? நகரா கூட இன்னும்...

காலிதீன்: நகரா அடிக்க முன்ன போய்ச் சேரணும் ராத்தா. பேரைத் தேடி நான் இஞ்ச வரல்ல, எட்டு வருசத்துல உள்ளுக்க எவ்வளவு மிஞ்சும் எண்டு பாக்கத்தான் வந்த. பள்ளியில ஒழு எடுக்கிற தண்ணித் தொட்டி, அந்த ஹவுளுக்கு மேல இருக்கிற கொங்கிறீட் உங்கடதுக்கு மூணு நாளைக்கு முன்ன போட்டது, நான்தான் போட்ட, அதே கடல் தண்ணியில. நோம்புக்கு நோம்பு நான் கூலி வாங்காம வெள்ளை அடிக்கிறதெல்லாம் அதுல இறங்கின கறைக்கு மேலதான், மழைக் கறை எண்டு எனக்கு நானே சொல்லிட்டு. நகரா அடிச்சா ஊர் முழுக்க ஒழு எடுக்க அதுக்குக் கீழதான் வந்து குந்தும்.